கோவமும் மன்னிப்பும்: கடனை எழுதிட்டுத்தான் தள்ளுபடி பண்ணணும்

எங்க சபையில திருவிருந்து ஞாயிறு அன்னிக்கு காணிக்கை எடுக்கறதுக்கு முன்னாடி சமாதானம் குடுப்பாங்க. சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்குப் போறவங்களுக்கு இது தெரியும், ஆயர் கையிலேர்ந்து ஆரம்பிச்சு பெஞ்சு பெஞ்சா வரும், பக்கத்துல இருக்கறவங்க ரெண்டு உள்ளங்கையையும் சேத்து நீட்டுவாங்க, நாம அத நம்ம கைக்குள்ள வாங்கி அடுத்தவங்களுக்குத் தரணும். ஒரு ஞாயித்துக்கிழமை அந்த சமாதானம் எங்க அண்ணி கையிலேர்ந்து எனக்கு வந்துச்சு. நான் பையில பாட்டுப் புத்தகத்தத் தேடுற மாதிரி குனிஞ்சுட்டேன். அவங்க கை கொஞ்ச நேரம் அப்படியே நின்னுச்சு, வளையல் சத்தம் மட்டும் கேட்டுச்சு, அப்புறம் என்னத் தாண்டி அந்தப் பக்கம் இருந்த பாட்டிக்கு நீட்டிட்டாங்க. நான் நிமிந்து உக்காந்தேன். பத்து நிமிஷம் கழிச்சு வரிசையில போய் அப்பமும் திராட்சரசமும் வாங்கிட்டும் வந்தேன்.

அப்போ நான் அண்ணன்கிட்ட பேசி நாலு வருஷம் ஆகியிருந்துச்சு. ஏற்காட்டுக்குப் போற வழியில அப்பாவுக்கு கொஞ்சம் காபித் தோட்டம் இருந்துச்சு, கூலி வேலை பாத்து சேத்த காசுல வாங்கினது, ஒன்றரை ஏக்கர் கூட வராது. அப்பா உயில் எழுதாம போயிட்டாரு. கிறிஸ்தவக் குடும்பத்துக்கு 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான், அதுல மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு, ஆனா அது எனக்கு அப்போ தெரியாது. பேங்க் லோனுக்குன்னு சொல்லி அண்ணன் ஒரு பத்திரத்துல கையெழுத்து வாங்கினாரு, அது என் பங்க விட்டுக்குடுக்கற ரிலீஸ் பத்திரம்னு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. கேட்டப்போ "கட்டிக்குடுத்து அனுப்பிச்ச பொண்ணுக்கு இங்க என்ன இருக்கு"ன்னு சொன்னாரு.

இத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா மன்னிப்பப் பத்தி எழுதறவங்க பல பேரு பெரிய காயம் எதுவும் படாதவங்க மாதிரியே எழுதறாங்க. நான் அப்படி எழுத முடியாது. ஆறு வருஷத்துல எனக்கு உதவினது என்ன, உதவாம போனது என்னன்னு மட்டும் சொல்றேன், உங்களுக்கு வேணுங்கறத எடுத்துக்கோங்க.

கோவப்படறதே பாவமா?

இல்லீங்க. மாற்கு 3ஆம் அதிகாரத்துல சூம்பின கையோட ஒருத்தர் ஜெப ஆலயத்துல நிக்கறாரு, ஓய்வுநாள்ல குணமாக்குவாரோன்னு குத்தம் கண்டுபிடிக்கக் காத்திருந்தவங்கள இயேசு கோவத்தோட சுத்திப் பாத்தாருன்னு எழுதியிருக்கு, அதே வசனத்துல அவங்க இருதய கடினத்தப் பாத்து விசனப்பட்டாருன்னும் இருக்கு. கோவமும் துக்கமும் ஒண்ணா. நம்ம கோவத்துக்கு இதுதான் நல்ல சோதனை, எதிர்ல நிக்கற ஆளுக்காக ஒரு சொட்டு துக்கமாவது அதுக்குள்ள இருக்கா? என்னோடதுல பெரும்பாலும் இருக்காது, என் மரியாதை போச்சேங்கறது மட்டும்தான் இருக்கும். யாக்கோபு 1:20 சொல்றது அதைத்தான், "மனுஷருடைய கோபம் தேவனுடைய நீதியை நடப்பிக்கமாட்டாதே." அதனால கோவம் வந்துடுச்சேன்னு குத்த உணர்ச்சியில மூழ்க வேணாம், அத வச்சு என்ன பண்றோம்ங்கறதுதான் விஷயம்.

அந்த நிமிஷத்துல என்ன பண்றது

ஏற்காடு மலைப்பாதையில 20 கொண்டை ஊசி வளைவு இருக்கு. அதுல தினமும் வண்டி ஓட்டறவங்களக் கேட்டுப் பாருங்க, வளைவுக்குள்ள போய் பிரேக் அடிக்கக் கூடாதும்பாங்க, வளைவு வர்றதுக்கு முன்னாடியே கியர குறைச்சுடணும், இறங்கும்போது பூரா பிரேக்க மிதிச்சுக்கிட்டே வந்தா அடிவாரம் வர்றதுக்குள்ள பிரேக் சூடாகி பிடிக்காம போயிடும். கோவமும் அப்படித்தான். கத்திக்கிட்டு இருக்கறப்போ நிறுத்தறது ரொம்ப கஷ்டம், அதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் இருக்கு பாருங்க, அங்கதான் வேலை.

அந்த ரெண்டு நிமிஷத்தக் கண்டுபிடிக்க உங்க உடம்ப கவனிங்க. எனக்கு காது மடல் சூடாகும், பாத்திரத்த கொஞ்சம் சத்தமா வைக்க ஆரம்பிப்பேன், "எப்பப் பாரு"ன்னு ஒரு வார்த்தை வாயில வரும். "எப்பப் பாரு நீ இப்படித்தான்." இந்த வார்த்தை வந்துடுச்சுன்னாலே வளைவு வந்தாச்சுன்னு அர்த்தம். சில பேருக்கு தாடை இறுகும், சில பேரு ரொம்ப அமைதியாயிடுவாங்க, அது இன்னும் ஆபத்து. ஒரு வாரம் கவனிச்சா உங்க அடையாளம் உங்களுக்கே தெரிஞ்சுடும். எந்த நேரத்துல வருதுன்னும் பாருங்க. எங்க வீட்டுல முக்காவாசி சண்டை சாயங்காலம் ஆறுலேர்ந்து ஏழரைக்குள்ள, எல்லாருக்கும் பசி, வேலை முடிஞ்ச அலுப்பு, பையனோட டியூஷன். இது தெரிஞ்சதுக்கப்புறம் அஞ்சரைக்கு எல்லாருக்கும் ஏதாவது சாப்பிடக் குடுத்துடுவேன், பணத்தப் பத்தின பேச்ச அந்த நேரத்துல எடுக்கறதே இல்ல. ஆவிக்குரிய விஷயம் மாதிரி தெரியாது இது, ஆனா எலியா தீர்க்கதரிசி ரொம்ப சோர்ந்துபோய் சாகணும்னு படுத்துக்கிட்டப்போ தேவதூதன் முதல்ல குடுத்தது அடையும் தண்ணியும்தான், புத்திமதி அப்புறம்தான்.

அடையாளம் தெரிஞ்சா அங்கேர்ந்து நகருங்க. ஆனா சொல்லிட்டு நகரணும். "எனக்கு கோவம் வருது, இப்ப பேசினா தப்பா பேசிடுவேன், பத்து நிமிஷம் கழிச்சு வர்றேன்." சொல்லாம கதவ சாத்திட்டுப் போனா அதுவே இன்னொரு அடி. பத்து நிமிஷம்னு சொன்னா பத்து நிமிஷத்துல திரும்பி வரணும், இல்லன்னா அடுத்த தடவை நம்ப மாட்டாங்க. மாடிக்குப் போங்க, முகம் கழுவுங்க, நடங்க. அந்தப் பத்து நிமிஷத்துல மனசுக்குள்ள வாதம் பண்ணி ஜெயிச்சுக்கிட்டே இருந்தா பிரயோஜனமே இல்ல, இன்னும் சூடாத்தான் இறங்கி வருவோம். நான் சத்தமா ஒரு வசனம் சொல்லுவேன், நீதிமொழிகள் 15:1, "மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும், கடுஞ்சொற்களோ கோபத்தை எழுப்பும்." மூணு நாலு தடவை சொன்னா மூச்சு தானா இறங்கும்.

வாட்ஸப் பத்தி தனியா சொல்லியே ஆகணும். கோவத்துல வாய்ஸ் மெசேஜ் அனுப்பாதீங்க. வாயால சொன்னது காத்துல போயிடும், அனுப்பினது அவங்க போன்ல இருக்கும், ராத்திரி ரெண்டு மணிக்கு திரும்பத் திரும்பக் கேப்பாங்க, அப்புறம் சொந்தக்காரங்க எல்லாரும் கேப்பாங்க. குடும்ப குரூப்ல போடறது அதவிட மோசம், ஒருத்தர்கிட்ட பட்ட கோவத்துக்கு முப்பது பேர சாட்சி கூப்பிடறோம். எழுதியே ஆகணும்னா நோட்டுல எழுதுங்க, காலையில படிச்சுப் பாருங்க.

இன்னொண்ணு, உங்களத் தடுக்கறதுக்கு ஒரு ஆள் வேணும். 1 சாமுவேல் 25ல தாவீது 400 பேரக் கூட்டிக்கிட்டு பட்டயத்தோட நாபாலோட வீட்ட அழிக்கக் கிளம்பிட்டாரு, நாபால் பண்ணதும் பெரிய தப்புதான், காவல் காத்தவங்களுக்கு சாப்பாடு இல்லன்னு சொல்லி கேவலமாப் பேசினான். நடுவழியில அபிகாயில் அப்பமும் திராட்சரசமும் கழுதை மேல ஏத்திக்கிட்டு வந்து கால்ல விழுந்து தடுத்துட்டாங்க. இன்னிக்கு ரத்தம் சிந்தவிடாம என்னத் தடுத்த உனக்கு ஆசீர்வாதம்னு தாவீது சொல்றாரு. தாவீதுக்கே ஒரு ஆள் வேண்டியிருந்துச்சு. எனக்கு எங்க தெருவுல ஒரு அக்கா இருக்காங்க, போன் பண்ணா "அப்படியா, சரி, சாப்டியா"ம்பாங்க, முதல்ல அவ்ளோதான். நம்ம கோவத்துக்கு எண்ணெய் ஊத்தற ஆளுங்க எப்பவும் கிடைப்பாங்க, "நான் மட்டும் உன் இடத்துல இருந்தா"ன்னு ஆரம்பிக்கறவங்க. அவங்க நல்லவங்களா இருக்கலாம், ஆனா அந்த நேரத்துல அவங்களுக்கு போன் பண்ணாதீங்க.

சூரியன் அஸ்தமிக்கிறதுக்கு முன்னாடி

எபேசியர் 4:26, "நீங்கள் கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள், சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது." இத வச்சு புருஷன் பொண்டாட்டி ராத்திரி பதினொன்ற மணிக்கு உக்காந்து பேசி முடிச்சே ஆகணும்னு சண்டைய ரெட்டிப்பாக்கறத நான் நிறைய வீட்டுல பாத்திருக்கேன், எங்க வீட்டுலயும்தான். வசனத்துல எரிச்சல் தணியணும்னுதான் இருக்கு, பிரச்சனைய முடிக்கணும்னு இல்ல. அந்த நிருபத்த எழுதின பவுல் முதல் பாதிய எடுத்தது சங்கீதம் 4:4லேர்ந்து, அங்க அடுத்து வர்றது என்னன்னா, "உங்கள் படுக்கையிலே உங்கள் இருதயத்தில் பேசிக்கொண்டு அமர்ந்திருங்கள்." படுத்துக்கிட்டு உன் இருதயத்தோட பேசு, அமைதியா இரு. தூக்கம் கெட்டுப்போய் பேசற பேச்சுல நல்லது வராதுன்னு தாவீதுக்கு தெரிஞ்சிருக்கு.

அதனால நாங்க இப்ப இப்படி வச்சிருக்கோம். "கோவம் இன்னும் போகல, ஆனா நாளைக்கு காபி குடிக்கும்போது பேசலாம், நான் எங்கயும் போயிடல." இத ஒருத்தர் சொன்னாப் போதும், எரிச்சல் பாதி அங்கயே இறங்கிடும். காலையில கட்டாயம் பேசணும், அத விட்டுட்டா அடுத்த ராத்திரி அந்த வார்த்தைக்கு மதிப்பில்ல.

உள்ள இருக்கறது வெளிய தெரியாது

காபி வச்சிருக்கறவங்களுக்கு தண்டு துளைக்கிற வண்டு பத்தி சொல்லவே வேணாம். அரபிகா செடியில மரப்பட்டை வெடிப்புல முட்டை வைக்கும், புழு உள்ள போய் தண்டுக்குள்ளயே குடைஞ்சுக்கிட்டு மாசக்கணக்கா இருக்கும். வெளியேர்ந்து பாத்தா செடி பச்சையா இருக்கற மாதிரி இருக்கும், கையால தண்டத் தடவிப் பாத்தா மட்டும் பட்டை மேல வரப்பு மாதிரி மேடு தட்டுப்படும், அப்புறம் இலை மஞ்சளாகும், செடி வாடும், ஒடிச்சுப் பாத்தா உள்ள பூரா மாவா இருக்கும். அப்பா கயித்து நார் வச்சு ஒவ்வொரு செடித் தண்டையும் தேச்சு காஞ்ச பட்டைய எடுத்துடுவாரு, வண்டு முட்டை வைக்க இடம் இருக்கக் கூடாதுன்னு, கத்தி வச்சு சீவினா செடிக்கு காயம்னு திட்டுவாரு. "பிசாசுக்கு இடங்கொடாமலும் இருங்கள்"னு எபேசியர் 4:27 படிக்கறப்பல்லாம் எனக்கு அப்பா முழங்கால் போட்டு தண்டு தேச்சுக்கிட்டு இருக்கறதுதான் ஞாபகம் வரும்.

மனசுல கசப்பு இருக்கான்னு எப்படித் தடவிப் பாக்கறது? நான் எனக்கே கேட்ட கேள்விங்க இதுதான். அவங்க வீட்டுக்கு நல்லது நடந்தா என் வயித்துல என்ன ஆகுது? எங்க அண்ணன் பையனுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைச்சுதுன்னு கேட்டப்போ நான் சிரிச்சேன், ஆனா அன்னிக்கு ராத்திரி சாப்பிடல. அவங்க பேர யாராவது சொன்னா நான் பழைய கதைய முழுசா சொல்றேனா, அதுவும் ஒரே வார்த்தையில, ஒரே இடத்துல நிறுத்தி? ஜெபத்துல அவங்க பேர மட்டும் தாண்டிப் போறேனா? இதுல ரெண்டுக்கு ஆமான்னா உள்ள புழு இருக்கு. வெளிய நான் பாட்டு வகுப்பு எடுத்துக்கிட்டு இருந்தேன், மாதர் சங்கத்துல இருந்தேன், பச்சையாத்தான் இருந்தேன்.

கடனை எழுதறது

இப்பத்தான் முக்கியமான இடத்துக்கு வர்றேன். "மன்னிச்சுட்டேன்"னு நான் நாலு வருஷத்துல பத்து தடவையாவது சொல்லியிருப்பேன், எதுவும் நடக்கல. ஏன்னு பின்னாடிதான் புரிஞ்சுது, எத மன்னிக்கறேன்னு நான் ஒரு தடவை கூட சொல்லல. கர்த்தருடைய ஜெபத்துல நாம தினமும் சொல்றது என்ன, எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும். கடன். எவ்ளோன்னு தெரியாத கடன எந்த பேங்க்காவது தள்ளுபடி பண்ணுமா? முதல்ல கணக்கு எழுதணும்.

மத்தேயு 18ல இயேசு சொன்ன கதையில தொகைய கவனிங்க. வேலைக்காரன் ராஜாவுக்குத் தர வேண்டியது 10,000 தாலந்து, அவனுக்கு இன்னொரு வேலைக்காரன் தர வேண்டியது 100 வெள்ளிப்பணம். ஒரு பணம்னா அந்தக் காலத்துல ஒரு நாள் கூலி, ஒரு தாலந்துங்கறது கிட்டத்தட்ட 6,000 நாள் கூலி. அப்போ 10,000 தாலந்துன்னா 6 கோடி நாள் கூலி, வருஷத்துக்கு 300 நாள் வேலை செஞ்சாலும் 2 லட்சம் வருஷம் உழைக்கணும். நாள் கூலி 500 ரூபாய்னு வச்சுக்கிட்டா ராஜா விட்டுக்குடுத்தது 3,000 கோடி, இவன் கழுத்தப் பிடிச்சது 50,000 ரூபாய்க்கு. இந்தக் கதைய எப்பவும் அந்த 3,000 கோடிய வச்சுத்தான் பிரசங்கம் பண்ணுவாங்க, அது சரிதான், நானும் அதுலதான் கடைசியில உடைஞ்சேன். ஆனா எனக்கு முதல்ல ஆறுதலா இருந்தது அந்த 50,000. கூலி வேலை செய்யறவங்களுக்கு அது சின்னத் தொகையா? மூணு நாலு மாசச் சம்பளம். உனக்கு ஒருத்தன் பண்ணது ஒண்ணுமே இல்ல, மறந்துடுன்னு இயேசு சொல்லவே இல்ல. நிஜமான கடன்னுதான் கணக்குல வச்சிருக்காரு.

அதனால ஒரு நோட்டு எடுங்க. யாரும் பாக்காத நேரத்துல மூணு விஷயம் எழுதுங்க. என்ன பண்ணாங்க, அதனால எனக்கு என்ன போச்சு, அவங்க எனக்கு என்ன தரணும்னு நான் இன்னமும் எதிர்பாத்துக்கிட்டு இருக்கேன். பெருக்கியும் எழுதாதீங்க, குறைச்சும் எழுதாதீங்க, "அவங்க சூழ்நிலை அப்படி"ங்கற சமாதானத்த இப்ப எழுத வேணாம். நான் முதல்ல நிலம்னுதான் எழுதினேன், சென்ட் கணக்கு, இப்ப விக்கற விலை எல்லாம். ரெண்டாவது வரிக்கு வந்தப்போ அழுகை வந்துடுச்சு, ஏன்னா எனக்குப் போனது நிலம் இல்லைன்னு அப்பத்தான் தெரிஞ்சுது, "இங்க என்ன இருக்கு"ன்னு அவரு கேட்டாரு பாருங்க, அன்னிக்கு எனக்கு பொறந்த வீடு போச்சு. கிறிஸ்துமஸுக்கு மேல போறது போச்சு, அப்பா கல்லறைக்குப் போனா யாராவது பாத்துடுவாங்களோன்னு போகாம இருந்தேன். மூணாவது வரியில, அவரு வந்து அம்மா முன்னாடி நான் பொய் சொன்னேன்னு சொல்லணும்னு எழுதினேன். அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்துச்சு அப்போ. வசூலே பண்ண முடியாத கடன்.

எழுதி முடிச்சதும் அத ஜெபமா சத்தமா படிங்க. என் ஜெபம் கிட்டத்தட்ட இப்படி இருந்துச்சு, "ஆண்டவரே, அண்ணன் எனக்கு இத பண்ணாரு, எனக்கு இது போச்சு, இத இனிமே நான் அவருகிட்ட வசூல் பண்ணப் போறதில்ல, கணக்க உங்க கையில குடுக்கறேன், நீங்க எனக்கு விட்டுக்குடுத்தது இதவிடப் பெருசு." சொல்லும்போது நெஞ்சுல எதுவும் இளகல, சொன்னேன் அவ்ளோதான். உணர்ச்சி வந்தப்புறம் மன்னிக்கலாம்னு காத்திருக்காதீங்க, தள்ளுபடிங்கறது கையெழுத்து போடற வேலை, மனசு பின்னாடி மெதுவா வரும்.

கையெழுத்து போட்டதுக்கப்புறம் வசூல நிறுத்தணும், இதுதான் கஷ்டமான பகுதி. நாம எப்படியெல்லாம் தவணை தவணையா வசூல் பண்றோம்னு பாருங்க. சொந்தக்காரங்ககிட்ட கதை சொல்றது ஒரு தவணை. கல்யாண வீட்டுல பாத்தும் பாக்காத மாதிரி போறது ஒரு தவணை. குத்திப் பேசறது, அவங்க பிள்ளைங்க பரிட்சையில தோத்தா "ஐயோ பாவம்"ங்கறது, சமாதானம் குடுக்க வர்ற கைய வாங்காம பைக்குள்ள தேடறது. இதெல்லாம் நிறுத்தணும், ஒவ்வொண்ணா.

அதோட அவங்களுக்காக ஜெபிங்க, பொதுவா இல்ல, குறிப்பா. அண்ணனுக்கு சமாதானம் குடுங்கன்னு சொல்றது எனக்கு சுலபமா வந்துச்சு. மார்ச் கடைசியில மலையில பூ மழைக்காக எல்லாரும் வானத்தப் பாத்துக்கிட்டு இருப்பாங்க, அந்த மழை சரியான நேரத்துல வந்தாத்தான் காபி பூக்கும். அண்ணன் தோட்டத்துக்கு மழை குடுங்க ஆண்டவரேன்னு கேக்க எனக்கு ஒன்பது நாள் ஆச்சு. எனக்கும் பங்கு இருந்த செடிங்க அது. பத்தாவது நாள் கேட்டேன்.

மன்னிக்கறதுன்னா மறுபடியும் ஏமாறறது இல்ல

இதுல சபையில நிறைய குழப்பம் இருக்கு, அதனால நேரா சொல்றேன். மன்னிப்புக்கு ஒரு ஆள் போதும், ஒப்புரவாக ரெண்டு பேரு வேணும், நம்பிக்கை திரும்ப வர்றதுக்கு காலமும் வேணும். யோசேப்ப பாருங்க, அவர அடிமையா வித்த அண்ணங்க பின்னாடி தானியம் வாங்க வந்த உடனே ஓடிப் போய் கட்டிப் பிடிக்கல. தனியாப் போய் அழுதாரு, அப்புறம் திரும்பி வந்து சோதிச்சாரு, தம்பி பென்யமீன அவங்க எப்படி நடத்தறாங்கன்னு வெள்ளிப் பாத்திரத்த சாக்குல வச்சுப் பாத்தாரு, தம்பிக்குப் பதிலா நான் அடிமையா இருக்கேன்னு யூதா சொன்னப்புறம்தான் நான்தான் யோசேப்புன்னு சொன்னாரு. எனக்கு இப்ப எங்க அண்ணன் மேல கசப்பு இல்ல, ஆனா அவரு நீட்டற எந்தப் பத்திரத்துலயும் வக்கீல்கிட்ட காட்டாம கையெழுத்து போட மாட்டேன். ரெண்டும் ஒண்ணா இருக்க முடியும்.

சட்டமும் மன்னிப்பும் கூட அப்படித்தான். 1999 ஜனவரி 22 ராத்திரி ஒடிசாவுல மனோகர்பூர் கிராமத்துல ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவரோட 10 வயசும் 6 வயசும் ஆன ரெண்டு பசங்களையும் வண்டிக்குள்ள வச்சு எரிச்சாங்க. அவர் மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் கொன்னவங்கள மன்னிச்சுட்டேன்னு வெளிப்படையா சொன்னாங்க, பாரிபடாவுல தொழுநோயாளிங்களுக்கு செஞ்சுக்கிட்டு இருந்த வேலைய விட்டுட்டு ஓடல, மகளோட அங்கயே பல வருஷம் இருந்தாங்க. அதுக்காக கேஸ் நிக்கல, கோர்ட் விசாரிச்சு தண்டனை குடுத்துச்சு. பழி வாங்கறது நம்ம வேலை இல்ல, நீதி செய்யறது அரசாங்கத்தோட வேலை, ரோமர் 12லயும் 13லயும் அடுத்தடுத்து இதுதான் இருக்கு. எங்க விஷயத்துல நான் கோர்ட்டுக்குப் போக வேணாம்னு முடிவு பண்ணேன், அது என் முடிவு. உங்க பங்க சட்டப்படி கேட்டா நீங்க மன்னிக்காதவங்கன்னு ஆகாது.

அடி வாங்கற பெண்களுக்கு ஒண்ணு சொல்லணும், இத சொல்லாம இந்த விஷயத்தப் பத்தி எழுதவே கூடாதுன்னு நினைக்கறேன். "மன்னிச்சு அனுசரிச்சுப் போம்மா, சிலுவைய சுமக்கணும்"னு யாராவது சொல்லி உங்கள அந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பினா அது இயேசுவோட வார்த்தை கிடையாது. அவரையே மலை உச்சியிலேர்ந்து தள்ள வந்தப்போ அவரு அவங்க நடுவால கடந்து போயிட்டாரு. நீங்களும் போகலாம். பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு பத்திரமான இடத்துக்குப் போங்க, 181க்கு போன் பண்ணுங்க, பெண்கள் உதவி எண், பிள்ளைங்களுக்கு ஆபத்துன்னா 1098. குடும்ப வன்முறைக்கு எதிரா 2005லயே சட்டம் வந்தாச்சு. மன்னிக்கற வேலை தூரத்துல பத்திரமா இருந்துக்கிட்டே நடக்கும், அவசரமே இல்ல.

போய்ப் பேசறது, கேக்கறது

பேசக்கூடிய ஆளா இருந்தா போய்ப் பேசுங்க. மத்தேயு 18:15 சொல்றபடி முதல்ல தனியா, ரெண்டு பேரு மட்டும். பெரியவங்கள கூட்டிக்கிட்டுப் போறது ரெண்டாவது படி, நாம எப்பவும் பஞ்சாயத்துலேர்ந்துதான் ஆரம்பிக்கறோம். சாப்பாட்டு நேரத்துல போகாதீங்க, விசேஷத்தன்னிக்குப் போகாதீங்க. நடந்தத ஒரே ஒரு விஷயமா சொல்லுங்க, "நீங்க அன்னிக்கு அப்படி சொன்னது எனக்கு ரொம்ப வலிச்சுது, இன்னிக்கும் வலிக்குது." அவங்க குணத்த வர்ணிக்க ஆரம்பிச்சா பேச்சு முடிஞ்சுது.

நான் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் பஸ்ஸுல. அண்ணன் களத்துல காயப் போட்ட காபிய கிளறிக்கிட்டு இருந்தாரு. நான் சொன்னேன். அவரு ரொம்ப நேரம் பேசல, கிளறிக்கிட்டே இருந்தாரு, அப்புறம் "வெயில்ல நிக்காத, உள்ள வா"ன்னாரு. மன்னிப்பு கேக்கல. இன்னி வரைக்கும் கேக்கல. நான் உள்ள போனேன், அண்ணி காபி போட்டாங்க, டம்ளர அவங்க கையிலேர்ந்து நான் ரெண்டு கையாலயும் வாங்கினேன். எங்க ரெண்டு பேருக்கும் அந்த ஞாயித்துக்கிழமை ஞாபகம் வந்துச்சு, அவங்க கண்ணுல தெரிஞ்சுது. அவங்ககிட்ட நான் மன்னிப்பு கேட்டேன், ஏன்னா அவங்க எனக்கு எதுவுமே பண்ணல, நாலு வருஷமா அண்ணன் கடனுக்கு அவங்ககிட்ட வட்டி வாங்கிக்கிட்டு இருந்தேன்.

மன்னிப்பு கேக்கும்போது "நான் ஏதாச்சும் தப்பாப் பேசியிருந்தா மன்னிச்சுடுங்க"ன்னு கேக்காதீங்க. அதுல தப்பு என்னன்னே இல்ல. "சமாதானம் குடுக்க நீங்க கை நீட்டினப்போ நான் வேணும்னே குனிஞ்சுட்டேன், அது தப்பு"ன்னு சொல்லணும். பெத்த பிள்ளைங்ககிட்டயும் இப்படித்தான் கேக்கணும். பையன அடிச்சுட்டு அப்புறம் முட்டை தோசை சுட்டுக் குடுத்து சரிக்கட்டறது நம்ம வீட்டு வழக்கம், அவனுக்கு அது புரியும், ஆனா வார்த்தையும் அவனுக்கு வேணும். "அம்மா உன்ன எல்லார் முன்னாடியும் திட்டினது தப்பு கண்ணு." முதல் தடவை நான் சொன்னப்போ அவன் ஒண்ணும் சொல்லல, வெக்கப்பட்டு ரூமுக்குப் போயிட்டான். மறுவாரம் அவனா வந்து ஒரு மார்க் ஷீட்ட மறைச்சு வச்சதச் சொன்னான்.

திரும்பி வரும்போது

திரும்பி வரும், வந்தா பயப்படாதீங்க. பேதுரு ஏழு தரமான்னு கேட்டதுக்கு எழுபது தரம் ஏழுன்னு இயேசு சொன்னத, ஒருத்தர் 490 தடவை தப்பு பண்றதா மட்டும் நான் இப்ப படிக்கறதில்ல. ஒரே தப்பு 490 தடவை ஞாபகம் வரும், ஒவ்வொரு தடவையும் அதே கணக்குல மறுபடியும் கையெழுத்து போடணும். பாகற்காய் பந்தலப் பாத்தா வரும், யாராவது பத்திரம்னு பேசினா வரும். வந்த உடனே நாம மன்னிக்கவே இல்ல போலிருக்குன்னு நினைச்சுக்காதீங்க, "இது தள்ளுபடி ஆன கடன்"னு வாய் விட்டு சொல்லிட்டு வேலையப் பாருங்க.

நான் அந்த நோட்டுப் பக்கத்த கிழிச்சுப் போடல. கீழ தேதி எழுதிக்கிட்டு வர்றேன், எப்பல்லாம் மறுபடியும் கையெழுத்து போட்டேனோ அப்பல்லாம். முதல் மாசம் கிட்டத்தட்ட தினமும் இருக்கு, ஒரே நாள்ல மூணு தடவை கூட இருக்கு. அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு, மாசத்துக்கு ஒண்ணு. கடைசியா எழுதினது போன அறுவடைக்கு, அண்ணி ரெண்டு கிலோ காபிக் கொட்டை குடுத்து அனுப்பிச்சாங்க, அப்பா தோட்டத்துது, பைய திறந்த உடனே அந்த வாசனையில எல்லாம் ஒரு நிமிஷம் திரும்பி வந்துடுச்சு. தேதி எழுதிட்டு கொட்டைய வறுக்கப் போட்டேன்.